பாட்டின் முகவரி

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காட்டு வழியே நடக்கும்போது காலில் ஒரு கல் தட்டினால், அதைக் குனிந்து எடுத்து, புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் எறிவார்கள். எங்கள் ஊர்க் கற்களிற் பல வெறுங் கற்கள் அல்ல என்பதே அதற்குக் காரணம். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னர் இந்நிலத்தின்மேல் கடல் அலை வீசிற்று. அக்கடலில் வாழ்ந்த சிப்பிகளும், ஆட்டுக்கிடாயின் கொம்புபோலச் சுருண்ட ஓடுடைய உயிர்களும் கல்லாகிக் காரைப் பகுதியின் ஓடைகளில் கிடக்கின்றன. சாத்தனூரில் ஏறத்தாழ 18 மீட்டர் நீளத்திற்குப் படுத்துக் கிடக்கும் கல்மரத்தை 1940-ஆம் ஆண்டில் புவியியலறிஞர் எம்.எஸ்.கிருஷ்ணன் அவர்கள் எடுத்துக்காட்டினார்.

நான் ஆசிரியனாக இருந்த காலத்தில் மாணவர்களை அங்கே அழைத்துச் செல்வதுண்டு. ஒரு முறை ஒரு மாணவன் பை நிறையக் கற்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். “இது எந்த ஓடையில் எடுத்தது? இது எந்த அடுக்கில் இருந்தது?” என்று கேட்டேன். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. புவியியல் படித்தவர்கள் ஒரு கல்லை எடுத்தவுடன், எடுத்த இடம், கிடந்த அடுக்கு, எடுத்த நாள், எடுத்தவர் பெயர் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதிக் கல்லோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். அந்தச் சீட்டு உள்ளவரையில் அது சான்று. சீட்டுத் தொலைந்தால் அது அலமாரியில் வைக்கும் அழகுப்பொருள் மட்டுமே.

நான் இன்று பேச எடுத்துக்கொண்டது கல்லைப் பற்றியன்று, பாட்டைப் பற்றி. ஆனால் கல்லுக்குப் பொருந்துகின்ற நியாயம் பாட்டுக்கும் பொருந்தும் என்பதை நான் காலம் கடந்துதான் உணர்ந்தேன். உணர்த்தியவன் என் பழைய மாணவன் ஒருவன்.

அவன் குன்னம் பக்கத்துக் கிராமமொன்றில் ஒலி-ஒளி அமைப்பு நடத்துகிறான். ஊர்வழக்கில் சொன்னால் மைக்செட்காரன். இக்காலத்தில் திருமண வரவேற்புகளில் டி.ஜே. என்ற பெயரில், ஒரு பாட்டு முடியுமுன்னே மறுபாட்டைத் தொடுத்து, கூட்டத்தை ஆடவைக்கும் வேலையையும் சேர்த்துச் செய்கிறான். சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு நாள் மாலை முகம் வாடி என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான்.

“என்ன தம்பி, உடம்புக்கு ஏதேனும்…?” என்றேன்.

“உடம்புக்கு ஒன்றுமில்லை ஐயா. செய்யக்கூடாத ஒன்றைச் செய்துவிட்டேன்” என்றான்.

நடந்தது இதுதான். ஒரு வீட்டில் குழந்தைக்குக் காதணி விழா. பந்தலில் கூட்டம் கலகலப்பாக இருக்கவே, இவன் துள்ளலான மெட்டுள்ள பாட்டொன்றைப் போட்டிருக்கிறான். மெட்டு துள்ளல்தான். ஆனால் பாட்டின் சொல்லோ, பிள்ளையைப் பறிகொடுத்தவன் புலம்புவது. அந்த வீட்டுப் பாட்டியம்மாள் முந்தைய ஆண்டுதான் ஒரு மகனை இழந்தவர். இரண்டாவது அடி ஒலித்ததும் அவர் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். யாரும் இவனை ஏசவில்லை. “பாட்டை நிறுத்தப்பா” என்று மட்டும் சொன்னார்களாம். ஏசியிருந்தால் மனம் ஆறியிருக்கும் என்றான்.

“பாட்டைக் கேட்டதில்லையா?” என்று கேட்டேன்.

“ஒன்பதாயிரம் பாட்டு இருக்கிறது ஐயா. எதில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது” என்றான்.

அவன் தன் மடிக்கணினியைத் திறந்து காட்டினான். அதில் ‘புதிய கோப்புறை’, ‘புதிய கோப்புறை 2’, ‘கல்யாணம்’, ‘கல்யாணம் புதுசு’, ‘அம்மன்’, ‘நண்பன் கொடுத்தது’ என்றவாறு நாற்பதுக்கு மேற்பட்ட உறைகள் இருந்தன. ஒரே பாட்டு நான்கு உறைகளில் நான்கு பெயர்களில் கிடந்தது. ‘டிராக் 01’ என்ற பெயரில் மட்டும் அறுபது கோப்புகள். ஒரு நூல்நிலையத்தில் புத்தகங்களின் அட்டைகளை எல்லாம் கிழித்துவிட்டுக் குவியலாகக் கொட்டினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது அவன் இசைச்செல்வம்.

மாணவ நண்பர்களே, உங்களுட் பலர் கைப்பேசியில் பாட்டுச் சேர்த்து வைத்திருப்பீர்கள். ஒரு பாட்டு கணினிக்குள் எவ்வாறு தங்குகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். ஒலி என்பது காற்றில் எழும் அலை. குறுந்தகட்டு முறையில் அந்த அலையின் உயரத்தை ஒரு விநாடிக்கு 44,100 தடவை அளந்து எண்ணாக எழுதி வைக்கிறார்கள். வலக்காதுக்கு ஒன்று, இடக்காதுக்கு ஒன்று என இரு வரிசை. இப்படி எழுதினால் ஒரு நிமிடப் பாட்டுக்கு ஒரு கோடிப் பைட்டுக்கு மேல் இடம் வேண்டும். மனிதச் செவி பிரித்தறியாத நுட்பங்களை விலக்கிவிட்டு இதைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கும் வழியே எம்.பி.3 என்பது. ஜெர்மனியில் உருவான அம்முறைக்கு 1995-ஆம் ஆண்டில் இப்பெயர் அமைந்தது. என் மாணவனின் ஒன்பதாயிரம் பாட்டும் சுண்டுவிரல் அளவுள்ள பென் டிரைவில் அடங்கியதற்குக் காரணம் இதுவே.

ஆனால் சுருக்கியவர்கள் ஒன்றை மறந்திருந்தார்கள். பழைய இசைத்தட்டை நினைத்துப் பாருங்கள். அரக்கினால் ஆன அந்தத் தட்டின் நடுவில் வட்டமான சீட்டு ஒன்று இருக்கும். பாடியவர் பெயர், பாட்டு, இராகம், தாளம், தட்டின் எண் யாவும் அதில் அச்சாகியிருக்கும். தட்டை அழுத்தி வார்க்கும்போதே அச்சீட்டும் அதனோடு ஒன்றிவிடும். தட்டு உள்ளவரை சீட்டும் இருக்கும். பின்னர் வந்த ஒலிநாடாவில் சீட்டு பெட்டிக்குள் செருகிய தாளாயிற்று. பெட்டி மாறினால் பெயரும் மாறிவிடும். எம்.பி.3 கோப்பிலோ தொடக்கத்தில் சீட்டே இல்லை. 1996-ஆம் ஆண்டில்தான் கோப்பின் கடைசியில் 128 பைட்டு அளவுள்ள குறிச்சீட்டு ஒன்றைச் சேர்க்கும் வழக்கம் பிறந்தது. ஆங்கிலத்தில் இதை டேக் என்பர். பாட்டின் பெயருக்கு 30 பைட்டு, பாடியவருக்கு 30, தொகுப்புக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புரைக்கு 30, வகைக்கு 1 என்பது அதன் அளவு. மீதி மூன்றும் இது குறிச்சீட்டு என்று அறிவிக்கும் முத்திரை.

இங்கே நம் மொழிக்கு ஓர் இடர்ப்பாடு நேர்ந்தது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு போதும். இன்று பெருவழக்காயுள்ள யூனிகோடு முறையில் தமிழ் எழுதும்போது, உயிரோ, மெய்யோ, துணைக்குறியோ, புள்ளியோ, ஒவ்வொன்றுக்கும் பொதுவாக மூன்று பைட்டு செலவாகும். ‘நடவுப்பாட்டு’ என்னும் ஒரே சொல்லைப் பிரித்து எண்ணினால் பன்னிரண்டு குறிகள் வரும். பன்னிரண்டை மூன்றால் பெருக்கினால் 36. முப்பது பைட்டுக் கட்டத்திற்குள் அந்த ஒரு சொல்லே நுழையாது! முதன்முதலில் வகுத்த 80 இசை வகைகளிலும் தாலாட்டு இல்லை, ஒப்பாரி இல்லை, தெம்மாங்கு இல்லை. 1998 முதல் வந்த புதிய குறிச்சீட்டு கோப்பின் தலைப்பில் அமைகிறது. அதில் இந்தக் குறுகல் இல்லை. தமிழிலேயே விரிவாக எழுதலாம். வசதி வந்துவிட்டது, எழுதுவார்தாம் குறைவு.

இனி, குறிச்சீட்டுக்கும் கோப்புறைக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்ப்போம். ஒரு பாட்டை ‘அம்மன்’ உறையில் வைத்தால் அது ‘காலைப் பாட்டு’ உறையில் இராது. இரண்டிலும் வேண்டுமானால் படி எடுக்க வேண்டும். இந்தச் சிக்கல் கணினியோடு பிறந்ததன்று. தேவாரத்தைத் தொகுத்த நம் முன்னோர்க்கும் இது இருந்தது. நட்டபாடை, குறிஞ்சி என்று பண் அடிப்படையில் பதிகங்களை அடுக்கியது பண்முறை. பாடப்பெற்ற ஊர்களின் அடிப்படையில் அடுக்கியது தலமுறை. பண்ணறிந்து பாடுவாருக்கு முன்னது உதவும். சிதம்பரத்திற்கோ சீகாழிக்கோ செல்லும் அடியாருக்குப் பின்னது உதவும். ஓர் ஏட்டுக்கட்டு ஒரு வரிசையில்தான் இருக்க முடியும். ஆகவே இரண்டு வரிசைக்கும் தனித்தனியே ஏடு எழுதினார்கள். ஒவ்வொரு பதிகத்தின்மேலும் பண்ணும் தலமும் குறிப்பிட்டிருந்ததனால்தான் இப்படி மாற்றி அடுக்க முடிந்தது என்பதை மறக்கலாகாது. குறிப்பு இருந்தால் வரிசையை எப்போது வேண்டுமானாலும் உண்டாக்கலாம். குறிப்பு இல்லையேல் எந்த வரிசையும் நில்லாது. கணினி அந்த மறு அடுக்கலை ஒரு நொடியில் செய்து தருகிறது. அவ்வளவே புதுமை.

தஞ்சைப் பெருங்கோயில் கல்வெட்டில் இராசராச சோழன் குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல் இருக்கிறது. ஆடல் பாடல் வல்ல அம்மகளிர் ஒவ்வொருவரையும் எந்தத் தெருச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், பெயர் என்ன என்ற ஒழுங்கில் அது குறிப்பிடுகிறது. நானூற்றுவரில் ஒருவரையும் ‘ஆடுமகள் 1, ஆடுமகள் 2’ என்று அவன் வெட்டச் சொல்லவில்லை. ஆயிரம் ஆண்டுகள் கழிந்தும் அவர்கள் பெயரோடு இருக்கிறார்கள்.

சீர்காழியில் 1892-ஆம் ஆண்டில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய எஸ்.ஆர்.அரங்கநாதன் அவர்கள் இதையே ஒரு சாத்திரமாக்கினார். 1933-ல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை, ஒரு நூலை ஒரே பெட்டிக்குள் அடைப்பதில்லை. நூலின் பொருளைப் பல முகங்களாகப் பிரித்து, ஒவ்வொரு முகத்திற்கும் குறி தந்து, இடையே புள்ளியிட்டுக் கோக்கிறது. இடம் ஒரு முகம், காலம் ஒரு முகம். பாட்டுக்கும் இப்படிப் பல முகங்கள் உண்டு. 1931-ல் அவர் கூறிய ஐந்து விதிகளுள் ஒன்று வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்பது. பந்தலில் கூட்டம் காத்திருக்கும்போது பாட்டைத் தேடித் தவிக்கும் மைக்செட்காரருக்கு இவ்விதியின் அருமை நன்கு விளங்கும்.

நானும் என் மாணவனும் திண்ணையில் உட்கார்ந்து பாட்டின் முகங்களைப் பட்டியலிட்டோம். பெயர், பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர், படம் அல்லது தொகுப்பு, வெளியான ஆண்டு ஆகியவை முதல் ஆறு. இவற்றில் பெயரை ஒரே விதமாக எழுதுவது முதற் கடமை. ‘சீர்காழி’ என்று ஒன்றிலும், ‘சீர்காழி கோவிந்தராஜன்’ என்று ஒன்றிலும் எழுதினால் கணினி அவர்களை இருவராகவே கொள்ளும். இன்னும் ஒரு வேடிக்கை சொல்கிறேன். டி.எம்.சௌந்தரராஜன் பெயரில் முதலெழுத்து ‘சௌ’. சிலர் அதைச் ‘செ’ என்று தட்டி அடுத்து ‘ள’ என்று தட்டுவர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கோ வேறு வேறு. என் மாணவனிடம் அப்பாடகர் பாட்டு நூற்றுக்கணக்கில் இருந்தும், தேடியபோது பாதிதான் வந்தது. ஔகாரக் குறியின் இலக்கணம் அவனுக்கு அன்றுதான் விளங்கிற்று. பள்ளியில் நான் சொன்னபோது விளங்கவில்லை!

ஏழாவது முகம் நடையின் வேகம். ஒரு நிமிடத்திற்கு எத்தனை தட்டு என்பதை டி.ஜே. உலகில் பி.பி.எம். என்கிறார்கள். இதற்குக் கருவி வேண்டுவதில்லை. கடிகாரத்தைப் பார்த்துத் தொடையில் தாளம் போடுங்கள். 15 விநாடியில் 30 தட்டு விழுந்தால், நான்கால் பெருக்க 120. ஒரு பாட்டிலிருந்து மறுபாட்டுக்கு ஆட்டம் அறாமல் செல்ல வேண்டுமானால் இவ்வெண்கள் அருகருகே இருத்தல் நலம். 96-க்கு அடுத்து 100 வரலாம். வேகத்தை ஏறத்தாழ 4 விழுக்காடு கூட்டினால் இரண்டும் ஒன்றிவிடும். 96-க்கு அடுத்து 128 வந்தால் ஆடுகிறவன் கால் இடறும். கணினியே இதை எண்ணிச் சொல்லுமாயினும் முழுவதும் நம்புவதற்கில்லை. 85-ஐ 170 என்று இரட்டித்துச் சொல்லும். மும்மூன்றாக விழும் திஸ்ர நடையில் பல சமயம் தடுமாறும். நம் நாட்டுப்புறப் பாட்டுகளில் திஸ்ர நடை மிகுதி. ஆகவே காதால் கேட்டுச் சரிபார்த்தல் வேண்டும்.

எட்டாவது முகம் சுருதி. நம்மவர் இதைக் கட்டைக் கணக்கில் சொல்வர். அதையே குறித்தால் போதும். சுழலும் தட்டை 6 விழுக்காடு விரைவாகச் சுழற்றினால் சுருதி ஏறத்தாழ அரைக் கட்டை ஏறும். ஒரு கட்டைப் பாட்டு ஒன்றரைக் கட்டையாகிவிடும். இக்காலத்துக் கணினி, சுருதி மாறாமலே வேகத்தை மாற்றித் தருகிறது. அடுத்தடுத்த பாட்டுகள் ஒரே சுருதியில் இருந்தால் இணைப்பு இனிக்கும். ஷட்ஜ பஞ்சம உறவில் இருந்தாலும் இனிக்கும். எடுத்துக்காட்டாக, சங்கராபரண மேளத்தில் அமைந்த ஒரு கட்டைப் பாட்டையும் ஐந்து கட்டைப் பாட்டையும் எடுத்துக்கொண்டால், ஏழு சுரங்களில் ஆறு இரண்டிற்கும் பொது. ஒன்றே ஒன்றுதான் மாறும். ஆதலால் செவி அதை உறவாகவே ஏற்றுக்கொள்கிறது.

பெயருக்குள்ளேயே குறிப்பைப் பொதித்து வைக்கும் கலையிலும் நம் இசை முன்னோர் வல்லவர்கள். 72 மேளகர்த்தாக்களில் 29-ஆவதான சங்கராபரணத்திற்குத் ‘தீர’ என்னும் அடைமொழியைச் சேர்த்துத் தீரசங்கராபரணம் என்றனர். கடபயாதிக் கணக்கில் முதலெழுத்துக்கு 9, இரண்டாம் எழுத்துக்கு 2. திருப்பிப் படித்தால் 29. கல்யாணியை மேசகல்யாணி என்றதும் இவ்வாறே. 5, 6 என்பவற்றைத் திருப்ப 65 கிடைக்கும். பெயரைச் சொன்னாலே எண்ணும், எண்ணைக் கொண்டு சுரங்களும் கிடைத்துவிடும். இதைவிடச் சிறந்த குறிச்சீட்டு உண்டோ?

ஒன்பதாவது முகம் சமயம், அதாவது எந்த நேரத்திற்கு, எந்த நிகழ்ச்சிக்கு உரியது என்பது. எங்கள் ஊர்களில் விடியற்காலை ஒலிபெருக்கி முழங்கத் தொடங்கினால் முதலில் பிள்ளையார் பாட்டு. ஆடி மாதமாயின் எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டு. மணவீட்டுக்கு ஒரு வகை, மஞ்சள் நீராட்டுக்கு ஒரு வகை, துக்க வீட்டுக்கு ஒரு வகை. கேட்டவுடனேயே எந்தத் தெருவில் என்ன விசேடம் என்று ஊரார் அறிந்துகொள்வர்.

பத்தாவது முகந்தான் குறிப்புரை. மற்ற ஒன்பதில் பலவற்றைக் கணினியே கண்டு நிரப்பிவிடும். இதை மனிதர்தாம் எழுத வேண்டும். பாட்டை முதலிலிருந்து கடைசிவரை கேட்டு, “தொடக்கத்தில் 20 விநாடி இசை மட்டும்”, “இரண்டாம் சரணத்தில் பிரிவுத் துயரம்”, “மெட்டு மகிழ்ச்சி, பொருள் துயரம், சுபகாரியத்திற்கு ஆகாது” என்றவாறு எழுதுதல் வேண்டும். தட்டுகளை எண்ணும் இயந்திரம் அந்தப் பாட்டியம்மாளின் நெஞ்சை அறியாது. எங்கே ஒலிக்கலாகாது என்ற ஒரு வரி அக்கோப்பில் இருந்திருந்தால், அன்றைக்கு அந்தக் கதவு சாத்தப்பட்டிராது.

“ஒன்பதாயிரத்திற்கும் எப்போது ஐயா எழுதி முடிப்பது?” என்று கேட்டான்.

“அடிக்கடி போடுகிற பாட்டிலிருந்து தொடங்கு. நாளொன்றுக்கு இருபது. முதல் ஒரு மாதத்தில் அறுநூறு. உன் தொழிலுக்கு அதுவே பெரும்பாலும் போதும். குறிக்காத பாட்டைப் பந்தலில் போடுவதில்லை என்று மட்டும் உறுதி செய்துகொள்” என்றேன். முழுவதற்கும் 450 நாள் ஆகும். ஆகட்டுமே! ஆண்டைக் குறிப்பதில் இன்னொரு பயனும் உண்டு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவின் உரிமை அது வெளியான ஆண்டிற்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நிலைக்கும். பிறர் உழைப்பைக் கையாளுகிறவன் அந்தக் கணக்கையும் அறிந்திருத்தல் நன்று.

இவ்வளவும் அவனுக்கு உபதேசம் செய்துவிட்டு உள்ளே சென்றபோது, என் அலமாரியின் மேல்தட்டு என்னைப் பார்த்து நகைப்பதுபோல் இருந்தது. அங்கே 14 ஒலிநாடாக்கள் இருந்தன. 1988-ஆம் ஆண்டில், இளம் ஆசிரியனாக ஜெயங்கொண்டம் பகுதியில் பணியாற்றியபோது, பள்ளி இலக்கிய மன்றத்திற்காக வயல்களிலும் திண்ணைகளிலும் நான் பதிந்து வந்த நடவுப்பாட்டுகளும் தாலாட்டுகளும் ஒப்பாரிகளும் அவற்றில் இருந்தன. ஊருக்குச் சொல்லும் ஆசிரியர் என்ன குறித்து வைத்திருந்தார் தெரியுமா? பென்சிலால் ‘நடவு – கிழவி’, ‘தாலாட்டு – நன்று’, ‘திருச்சி மாவட்டம்’ என்று எழுதியிருந்தேன். பெயர் இல்லை, ஊர் இல்லை, நாள் இல்லை. பின்னர் என் அண்ணன் மகன் அவற்றைக் கணினியில் ஏற்றினான். அங்கும் ‘டிராக் 01’ முதல் ‘டிராக் 14’ வரை!

‘திருச்சி மாவட்டம்’ என்ற குறிப்பாவது உதவுமா? அப்பகுதி 1988-ல் திருச்சிராப்பள்ளி மாவட்டம். 1995-ல் பெரம்பலூர் மாவட்டம். 2001-ல் அரியலூர் மாவட்டம். 2002-ல் மீண்டும் பெரம்பலூர். 2007-ல் மறுபடியும் அரியலூர். வயல் இருந்த இடத்திலேயே இருக்க, அதன் முகவரி நான்கு முறை மாறிவிட்டது. மாவட்டப் பெயரை மட்டும் எழுதுவது பயனில்லை என்பதும், ஊர்ப் பெயரையும் ஆண்டையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பதும் இதனால் விளங்கும்.

அதன்பின் சில வாரங்களில் கல்லூரியிற் படிக்கும் பெண் ஒருத்தி, தன் பெரியம்மாளை அழைத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தாள். “ஐயா, நீங்கள் எங்கள் ஆத்தா பாடியதைப் பதிந்தீர்களாம். நான் ஆத்தாவின் குரலைக் கேட்டதே இல்லை” என்றாள். எனக்குத் தலை கவிழ்ந்தது. பதிந்தது மெய், எது அக்குரல் என்பது எனக்குத் தெரியாது. எனினும் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினோம். பத்தாவது நாடாவின் முடிவில், பாட்டு ஓய்ந்தபின், இளமையான ஓர் ஆண்குரல், “எந்த ஊரம்மா நீங்கள்?” என்று கேட்கிறது. அது என் குரல். வாத்தியார் வழக்கப்படி கேட்டிருக்கிறேன். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே ஊர்ப் பெயரைச் சொல்கிறார். வந்தவர்களின் ஊர்தான் அது. பெரியம்மாள் அந்தச் சிரிப்பைக் கேட்டதும், “எங்கம்மாதான்” என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அந்தப் பெண் தன் கைப்பேசியில் அதை ஏற்றிக்கொண்டாள். ஏற்றுமுன் நான் முதன்முதலாகச் செய்த வேலை, அக்கோப்பின் குறிச்சீட்டில் பாடியவர் பெயரை எழுதியதுதான்.

மற்றப் பதின்மூன்றிலும் நான் ஊரைக் கேட்கவில்லை. அக்குரல்களுக்கு உரியவர்கள் யார் என்று இனிச் சொல்வாரில்லை. காரை ஓடையில் இடம் குறிக்காமல் எடுத்த கற்களைப்போல அவை என் வீட்டில் இருக்கின்றன. என் மாணவனை வருத்தியது ஒரு நாட் பிழை. அதை அவன் திருத்திக்கொண்டான். இப்போது பந்தலுக்குப் போகுமுன் அவ்வீட்டாரிடம், “போடக்கூடாத பாட்டு ஏதேனும் உண்டா?” என்று கேட்டு அதையும் குறித்துக்கொள்கிறான். என் பிழை திருத்த இயலாதது.

ஆதலின் மாணவ நண்பர்களே, உங்களிடம் நான் வேண்டுவது சிறிது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ பாடத் தெரிந்த முதியவர் ஒருவர் இருப்பார். அவர் இசைவு பெற்று அவர் பாட்டைப் பதிவு செய்யுங்கள். பாட்டுக்கு முன்னர் உங்கள் குரலிலேயே, பாடுபவர் பெயர், ஊர், நாள், என்ன பாட்டு என்பவற்றைச் சொல்லிவிடுங்கள். சீட்டு தொலைந்தாலும் குரலோடு கலந்த குறிப்பு தொலையாது. பிறகு கோப்பிலும் அவற்றை எழுதுங்கள். படி இரண்டு எடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள். இவ்வளவுக்கும் கால் மணி நேரம் போதும். நான் அந்தக் கால் மணியைச் சேமித்தவன். அதனால் எதை இழந்தேன் என்பதைத்தான் இவ்வளவு நேரம் உங்களுக்குச் சொன்னேன்.